யாருடைய கேமரா அது?

"அடகுக் கடையில போய்ப் பாரு தம்பி, பாதி விலைக்குக் கேமரா கிடைக்கும்."

கேமரா வாங்க வேண்டும் என்று சொல்லும் மாணவத் தோழர்கள் எல்லோருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். யூடியூப் அண்ணன்கள் சொல்கிறார்கள், கல்லூரி சீனியர்கள் சொல்கிறார்கள், இயக்கத்தில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். எந்தக் கடையில் என்ன மாடல் கிடக்கிறது, எவ்வளவு அடித்துப் பேசலாம் என்று விவரமாகச் சொல்கிறார்கள். அந்தக் கேமரா அந்தக் கண்ணாடி அலமாரிக்குள் எப்படி வந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நாங்கள் அதைப் பேச விரும்புகிறோம்.

நமக்குக் கேமரா வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. 2015-இல் தண்டவாளத்தில் கிடந்த கோகுல்ராஜின் உடலைத் தற்கொலை என்று காட்டப் பார்த்தார்கள். அந்த வழக்கில் திருச்செங்கோடு கோவிலின் சிசிடிவி காட்சிகள் முக்கியச் சாட்சியமாக நின்றன. 2022-இல் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2016-இல் உடுமலைப்பேட்டையில் சங்கரை நடுத்தெருவில் வெட்டிக் கொன்றதையும் நாடே சிசிடிவியில்தான் பார்த்தது. ஆனால் அவை கோவிலும் கடைத்தெருவும் வைத்திருந்த கேமராக்கள். நம் காலனியைப் பார்த்தபடி எந்தக் கேமராவும் மாட்டப்படவில்லை. டீக்கடையில் தனிக் குவளை வைப்பதையும், பாதையை மறித்துச் சுவர் எழுப்புவதையும், சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்குவதையும் நாம்தான் படமெடுக்க வேண்டியிருக்கிறது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-இல் வெளிவந்தபோது தமிழ்ச் சமூகம் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாமல் போனது நினைவிருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவே, இச்சட்டத்தின் கீழான வழக்கு நடவடிக்கைகள் எல்லாம் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. எனவே, கேமரா நமக்கு ஆடம்பரப் பொருள் என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி அடகுக் கடைக்கு வருவோம்.

நாங்கள் வேலை செய்யும் பகுதிகளில் அடகுக்குப் போகும் கேமராக்களில் பெரும்பாலானவை கல்யாண வீடுகளில் படமெடுத்தவை. லைட் பிடிக்கும் பையனாகப் போய், நாலைந்து வருடம் அடுத்தவர் கேமராவில் தொழில் கற்று, கடன் வாங்கிச் சொந்தமாக ஒன்று வாங்கிய இளைஞர்களுடையவை. அவர்களில் நம் பிள்ளைகள் நிறைய. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, முகூர்த்தம் இல்லாவிட்டால் வருமானமும் இல்லை. வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, தங்கையின் கல்லூரிக் கட்டணம் எதுவும் ஆவணி வரை காத்திருக்காது. அடகு வைக்க வீட்டில் நகை இல்லை. நிலம் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. கையில் இருக்கும் ஒரே சொத்து கேமராதான், அது கடைக்குப் போகிறது. ஆவணியில் முகூர்த்தம் வரும்போது மீட்கப் பணம் இருக்காது. வேறொருவரிடம் நாள் வாடகைக்குக் கேமரா எடுத்து வேலைக்குப் போவார். வருகிற கூலியில் பாதி அந்த வாடகைக்கே போய்விடும். மிச்சத்தில் வட்டி கட்டவும் முடியாது, மீட்கவும் முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 75,000 ரூபாய்க்கு வாங்கிய கேமராவை 15,000 ரூபாய்க்கு அடகு வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு மாதம் 5 ரூபாய். அதாவது மாதம் 750, ஒரு வருடத்துக்கு 9,000. அசலோடு சேர்த்து 24,000. அந்தக் கேமராவைக் கடைக்காரர் உங்களிடம் 35,000-க்கு விற்கிறார். "பாதி விலைக்கு அடிச்சுட்டேன்" என்று நீங்கள் சந்தோஷமாகத் திரும்புகிறீர்கள். 35,000-இல் 24,000 போக மீதி 11,000 ரூபாய் யாருடையது?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 176: அடகுப் பொருளை விற்பதற்கு முன் அடகு வைத்தவருக்கு உரிய அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விற்ற பணம் கடனைவிட அதிகமாக இருந்தால், அந்த மிச்சம் அவருக்கே போக வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1943-ஆம் ஆண்டின் அடகுக் கடைக்காரர்கள் சட்டம் இருக்கிறது. கடைக்கு உரிமம் வேண்டும், ரசீது தர வேண்டும், மீட்காத பொருளைப் பொது ஏலத்தில் விற்க வேண்டும். அடகு ரசீதுகளில் 'ஒரு வருடம் ஏழு நாள்' என்று அச்சடித்திருப்பது இந்தச் சட்டத்திலிருந்து வந்ததுதான். நடப்பதைப் பாருங்கள். 'பைனான்ஸ்' என்று போர்டு மாட்டிக்கொண்டு, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆறு மாதத்தில் கேமராவை அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள். ஏலமும் இல்லை, அறிவிப்பும் இல்லை. அந்த 11,000-ஐப் பற்றி அடகு வைத்தவருக்குத் தெரியவே தெரியாது. 2003-இல் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் போட்டார்கள். ஏட்டில் இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே சிலர் "எல்லாம் சேட்டுங்க பண்றது" என்று ஒரு சமூகத்தின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஊரில் வட்டிக்கு விடும் ஆதிக்கச் சாதிக்காரர் எந்த மாநிலத்திலிருந்து வந்தார்? வட்டி கட்டாதவரின் பைக்கை வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போகிறவர் பேசுவது என்ன மொழி? நிலமும் நகையும் யாரிடம் சேர்ந்தன, யாரிடம் சேரவே விடப்படவில்லை என்பதைப் பேசாமல் வட்டியைப் பற்றிப் பேச முடியாது.

"நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்கத்தானே போகிறான்?" என்று நீங்கள் கேட்கலாம். சரி, அறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் பாதுகாப்பை மட்டும் பார்ப்போம்.

பில் இல்லாத கேமராவோடு ஒரு வன்கொடுமையைப் படமெடுக்கப் போகிறீர்கள். காவல் துறை உங்களைத் தடுத்து நிறுத்துகிறது. முதல் கேள்வி, "இந்தக் கேமரா யாருதுடா?" வசதியான வீட்டுப் பையனிடம் அந்தக் கேள்வி வராது. நம் பிள்ளையிடம் வரும். பதில் சொல்லக் காகிதம் இல்லையென்றால், திருட்டுப் பொருளை வாங்கிய குற்றத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317 தயாராக இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. வழக்கு நிற்குமா என்பது பிறகு. அதுவரை கேமரா அவர்கள் கையில், மெமரி கார்டு அவர்கள் கையில், நீங்கள் எடுத்த சாட்சியமும் அவர்கள் கையில்.

நீதிமன்றம் வரை போனாலும் பிரச்சினை தீராது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம், மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் கருவியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண் எழுத வேண்டும். அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, "கேமரா உங்களிடம் எப்படி வந்தது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். "கடையில் வாங்கினேன், பில் இல்லை" என்ற பதிலை வைத்து உங்களைச் சந்தேகத்துக்குரிய ஆளாகக் காட்டுவது அவருக்குச் சுலபம்.

அதனால் அடகுக் கேமராவே வாங்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. புதுக் கேமரா வாங்கும் நிலையில் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? மீட்டு வாங்குங்கள் என்கிறோம்.

அதே 35,000 ரூபாய்தான். கடைக்காரரிடம் கொடுக்காமல் முதலில் அடகு வைத்தவரைத் தேடுங்கள். கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. மாவட்டந்தோறும் புகைப்படக்காரர்கள் சங்கங்கள் இருக்கின்றன. ஆல்பம் போடும் லேபில், லைட் வாடகைக்கு விடும் கடையில் கேட்டால் யாருடைய கேமரா எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அவரையும் அடகு ரசீதையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடனைக் கட்டி மீட்டு, மீதியை அவர் கையில் கொடுங்கள். நான்கு மாதத்திலேயே போனால் கடன் 18,000, அவருக்கு 17,000 கிடைக்கும். உங்களுக்கு ஒரிஜினல் பில், பெட்டி, அவர் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு எல்லாம் வந்துவிடும். இந்தக் கேமராவை எப்படி எடுத்தால் நன்றாக வரும் என்று சொல்லித் தரவும் ஓர் ஆள் கிடைப்பார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஷட்டர் கவுண்ட் கேளுங்கள். நிக்கான் டி750, கேனான் 5டி மார்க் 3 போன்றவற்றின் ஷட்டருக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 1,50,000 கிளிக். கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 50 கல்யாணத்தில் முடிந்துவிடும் கணக்கு. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. அபெர்ச்சரை எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள், சென்சாரில் இருக்கும் தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். கேமராவின் அடியில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மெமரி கார்டில் யார் வீட்டுப் படமாவது இருந்தால், பார்க்காமல் அவரிடமே கொடுங்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை நாம் விலைக்கு வாங்கவில்லை.

இதைவிட நல்ல வழியும் உண்டு. வாங்கவே வேண்டாம். பத்து மாணவர்கள் ஆளுக்கு 1,800 ரூபாய் போட்டால் அந்த 18,000 வந்துவிடுகிறது. கேமராவை மீட்டு அவரிடமே கொடுங்கள். முகூர்த்த நாளில் அவர் சம்பாதிக்கட்டும், முடிந்தபோது வட்டியில்லாமல் திருப்பித் தரட்டும். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவோடு அவரும் நம்மோடு வரட்டும். ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு கேமராவும் தொழில் தெரிந்த ஒரு தோழரும் இயக்கத்துக்குக் கிடைப்பார்கள், அவர் பிழைப்பும் போகாது.

அரசிடம் கேட்க வேண்டியதையும் விடக் கூடாது. தாட்கோ கடன் வங்கி வாசலில் நின்றுவிடாமல் இந்த இளைஞர்கள் கைக்கு வர வேண்டும். உரிமம் இல்லாமல் அடகு பிடிக்கும் கடைகள் மீது வழக்குப் போட வேண்டும். ஏலக் கணக்கையும், அடகு வைத்தவருக்குத் தர வேண்டிய மிச்சத்தையும் வட்டாட்சியர் அலுவலகம் தணிக்கை செய்ய வேண்டும். இந்தக் கடைகளைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய் போதும். உங்கள் தாலுகாவில் உரிமம் பெற்ற அடகுக் கடைகள் எத்தனை என்று முதலில் கேளுங்கள். பதில் வந்ததும் கடைத்தெருவில் நடந்து போர்டுகளை எண்ணிப் பாருங்கள்.

ஆடி பிறந்ததும் கேமராக்கள் மறுபடியும் கடைக்குப் போகத் தொடங்கும். அதற்கு முன் உங்கள் ஊரில் பத்துப் பேரைச் சேருங்கள்.