வகுப்பறைக்கு ஒதுக்கிய பணம்

அமெரிக்காவில் ராணுவத் தளத்துக்குள் ஒரு பெரிய கட்டடம் எழும்ப வேண்டுமானால் எந்த ஊர், எந்தக் கட்டடம், எவ்வளவு செலவு என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். அந்த வரிசையில் இடம் பிடிக்கவே ஆண்டுகள் ஆகும். 2019 செப்டம்பரில், அப்படி ஒப்புதல் பெற்றிருந்த 127 பணிகளின் 360 கோடி டாலரை, அவசரநிலைச் சட்டப் பிரிவைக் காட்டி அப்போதைய அரசு மெக்சிகோ எல்லைச் சுவருக்குத் திருப்பிவிட்டது. ஃபோர்ட் கேம்பெல் தளத்தில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான நடுநிலைப் பள்ளியும், ஆண்ட்ரூஸ் தளத்தின் குழந்தைகள் காப்பகமும் அந்தப் பட்டியலில் இருந்தன. அப்பாவைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுப் படிக்க வரும் பிள்ளையின் வகுப்பறை தள்ளிப்போடக்கூடிய செலவா? எனக்கு இது இன்றும் பொறுக்கவில்லை. 2021-இல் புதிய அரசு, செலவாகாமல் மிஞ்சிய 220 கோடி டாலரை 66 பணிகளுக்குத் திருப்பித் தந்தது. ஆனால் அதற்குள் மரம், இரும்பு விலையெல்லாம் ஏறிவிட்டது. பழைய மதிப்பீட்டில் அதே கட்டடத்தைக் கட்ட முடியாது. உள்நாட்டுப் பணிகளுக்கு அந்த அவசரநிலைப் பிரிவின்கீழ் 10 கோடி டாலருக்கு மேல் எடுக்கக்கூடாதென, புதிய அரசு வருமுன்பே நாடாளுமன்றம் வரம்பு கட்டியிருந்தது. அதுவும் அதிகம் என்பேன்: ஃபோர்ட் கேம்பெல் பள்ளிக்கு ஒதுக்கியிருந்ததே சுமார் 6 கோடி டாலர்தான்; அந்த வரம்புக்குள்ளேயே அதை முழுதாக எடுத்துவிடலாம்.