சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டச் சொல்லாதீர்கள்

"சார், அது அப்படித்தான் வரும். அட்வான்ஸ்டு அமுக்கி உள்ளே போங்க." வி.பி.என். வைத்திருக்கும் ஓசூர்ச் சிறு தொழிற்சாலைகளில் இது வேதவாக்காகி விட்டது. நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன்.

வீட்டிலிருந்தோ, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரிலிருந்தோ கம்பெனிக் கணக்கைத் திறக்க உதவும் பாதுகாப்பான வழி வி.பி.என். அதை நிர்வகிக்க, பிரவுசரில் திறக்கும் பக்கம் ஒன்று உண்டு. யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பது அங்கேதான். சர்வரை நிறுவும்போது பெரும்பாலும் அது தனக்குத்தானே ஒரு சான்றிதழ் எழுதிக்கொள்ளும். பிரவுசர் அதை நம்ப மறுக்கிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாததா? மைக்ரோமீட்டருக்கான காலிபரேஷன் சான்றிதழை நம் பட்டறையிலேயே டைப் அடித்து ஆடிட்டரிடம் நீட்டினால் வாங்கிக்கொள்வாரா? என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேப், அதற்கு மேலே டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் என்று சங்கிலி போக வேண்டும். செல்லுபடியாகும் தேதியும் வேண்டும். டி.எல்.எஸ். சான்றிதழும் அப்படியே. ஸ்க்ரூ கேஜுக்கு இருக்கிற மரியாதை கம்பெனிச் சாவிக்கு இல்லையா?

"என்கிரிப்ஷன்தான் நடக்கிறதே" என்பார்கள். நடக்கிறது, ஆனால் யாரோடு? நடுவில் ஒருவன் போலிப் பக்கம் வைத்தாலும் இதே சிவப்புதான் வரும். தினமும் தாண்டிப் பழகியவர் அன்றும் தாண்டுவார். அட்மின் பாஸ்வேர்டு அவன் கைக்குப் போய்விடும்.

"சான்றிதழ் தருகிறவர்களே கோட்டை விட்டிருக்கிறார்களே?" உண்மைதான். 2014இல் நம் தேசியத் தகவலியல் மையத்தின் கீழ் கூகுளின் முகவரிகளுக்கே அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாயின. ஜூலை 2ஆம் தேதி கூகுள் கண்டுபிடித்தது. மறுநாளே மத்திய அரசின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். மேலே ஒருவர் இருந்ததால்தான் ரத்து செய்ய முடிந்தது. தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழை யார் ரத்து செய்வார்?

செலவு என்று சொல்லவும் வழியில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. கம்பெனி டொமைனில் ஒரு பெயர் ஒதுக்குங்கள். சான்றிதழ், அதன் தனிச்சாவி, இடைநிலைச் சான்றிதழ் மூன்றையும் நிர்வாகப் பக்கத்தில் ஏற்றுங்கள். இடைநிலையை விட்டால் சங்கிலி அறும். அதன்பின் ஐ.பி. எண்ணை அடிக்காமல் அந்தப் பெயரிலேயே திறங்கள். தனிச்சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். இலவசச் சான்றிதழ் 90 நாள்தான் என்பதால் புதுப்பிப்பதைத் தானியங்கியாக்குங்கள். 2029 மார்ச் முதல் எந்தப் பொதுச் சான்றிதழுக்கும் 47 நாள்தான் உச்சவரம்பு என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. காலண்டரில் குறித்துவைத்துச் சமாளிக்கும் காலம் முடிகிறது.

பிள்ளைகள் யாராவது சிப்காட்டில் ஐ.டி. வேலை பார்த்தால் இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள்: "உங்க கம்பெனியில் சிவப்பு வருதா?" வருகிறது என்றால், தாண்டச் சொல்லித்தந்தவர் யார் என்பதையும் கேளுங்கள்.