இருபது மணி நேரமும் ஓர் உடன்படிக்கையே



சென்ற ரமளானில் ஓர் இரவு, தராவீஹ் தொழுதுவிட்டு வீடு திரும்பும் வழியில் இங்கிலாந்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மத்ரஸாவில் ஓதிச் சென்ற மாணவர். இப்போது அங்கே முதுநிலைப் பட்டம் படிக்கிறார். நலம் விசாரித்து முடித்த பின்னும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை. சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்:

"ஹஜ்ரத், என் விசாவில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று இருக்கிறது. நான் நாற்பது மணி நேரம் பார்க்கிறேன். மேற்படி இருபதுக்கும் கணக்கில் காட்டாமல் கையில் பணமாகத் தந்துவிடுகிறார்கள். அதிலிருந்துதான் வாப்பாவுக்கு அனுப்புகிறேன். அந்தப் பணம் ஹலாலா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்நாட்டின் நிலையறிந்த ஒரு முஃப்தியிடம் கேட்டுத் தெளிவு பெறுமாறு சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. நம் ஊர்களிலிருந்து படிக்கச் சென்ற பிள்ளைகள் பலருடைய நெஞ்சில் அது இருக்கிறது, கேட்கத்தான் துணிவதில்லை. சிந்திக்கச் சிந்திக்க, அக்கேள்விக்கு அந்தப் பிள்ளை மட்டும் பதில் சொன்னால் போதாது, நாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது எனக்கு விளங்கியது.

சட்டம் சொல்வது என்ன?

பிரிட்டனில் மாணவர் விசாவில் முழுநேரப் பட்டப் படிப்புப் படிப்பவர் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யக் கூடாது. பட்டப் படிப்பிற்குக் கீழ்நிலைப் படிப்பென்றால் 10 மணி நேரமே. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15, ஆகச் சராசரி இருபதுதானே என்று கணக்குச் சொல்ல இடமில்லை. முதல் வாரத்திலேயே வரம்பு மீறப்பட்டுவிட்டது. இரண்டு கடைகளில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் இருபது. சம்பளமில்லாமல் பார்க்கும் வேலையும் இந்தக் கணக்கில் சேரும்.

விடுமுறையில் முழுநேரமும் வேலை பார்க்கலாம். ஆனால் இங்கேதான் முதுநிலை மாணவர்கள் பலர் தவறுகிறார்கள். இளநிலை மாணவருக்குக் கோடைக்காலம் விடுமுறை. ஓராண்டு முதுநிலைப் படிப்பிலோ அது ஆய்வேடு எழுதும் காலம். பொதுவாக அதுவும் பாடக்காலமாகவே கொள்ளப்படும். தம் பல்கலைக்கழகம் அறிவித்துள்ள தேதிகளைப் பார்க்காமல், நண்பர் சொன்னார் என்று ஜூன் மாதத்திலிருந்து முழுநேர வேலைக்குப் போவது ஆபத்து.

சுயதொழிலுக்கு இந்த விசாவில் அறவே அனுமதி இல்லை. உணவு கொண்டு சேர்க்கும் செயலிகளில் ஓட்டுவது அங்கே பெரும்பாலும் சுயதொழிலாகவே கருதப்படுகிறது. ஆகவே வேறொருவரின் கணக்கை வாடகைக்கு வாங்கி அவர் பெயரில் ஓட்டும் பிள்ளை, வரம்பை மீறுவதோடு, தான் வேறொருவர் என்ற பொய்யையும் ஒவ்வொரு வாசலுக்கும் சுமந்து செல்கிறது.

2016 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், அனுமதிக்கு மாறாக வேலை செய்வதைத் தனிக் குற்றமாக்கியது. அவ்விதம் ஈட்டிய கூலியைப் பறிமுதல் செய்யவும் வழி வைத்தது. விசா ரத்தாகலாம், பின்னர் கேட்கும் விசாக்கள் மறுக்கப்படலாம். இவையெல்லாம் உலகியல் இழப்புகள். ஆயினும் பிடிபடுவோமா மாட்டோமா என்பது முஃமினுடைய முதல் கேள்வியாக இருக்க முடியாது.

மார்க்கம் சொல்வது என்ன?

குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குவதே உடன்படிக்கைகளை நிறைவேற்றும் கட்டளையைக் கொண்டுதான். விசா விண்ணப்பத்தில் நம் பிள்ளை ஒப்பமிடும்போது, "இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு வருகிறேன்" என்று வாக்களிக்கிறது. அந்த வாக்கின் பேரில்தான் அந்நாடு கதவைத் திறக்கிறது.

நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு முன்மாதிரி உண்டு. பிற நாட்டிற்குப் பாதுகாப்பு உறுதி, அதாவது அமான், பெற்று நுழைந்த முஸ்லிம் அந்நாட்டாருக்கு மோசடி செய்யலாகாது என்பதை இமாம் ஷாஃபிஈ அவர்களின் அல்உம்மு பேசுகிறது. ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா பேசுகிறது. ஹன்பலி மத்ஹபின் முக்னீயும் பேசுகிறது. போர்ப் பகையுள்ள நாட்டிற்கே இச்சட்டம் என்றால், படிக்க இடம் தந்து, நூலகம் திறந்துவிட்டு, ஜும்ஆ தொழவும் தடையில்லாத நாட்டிற்கு எவ்வளவு பொருந்தும்! இக்கால அறிஞர்கள் பலர் விசாவை அந்த அமானுக்கு ஒப்பாகவே கருதுகிறார்கள்.

ஹுதைஃபா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அவர்களையும் அவர்களின் தந்தையையும் வழியில் குறைஷிகள் பிடித்து, நபி (ஸல்) அவர்களுடன் சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டே விட்டார்கள். பத்ருப் போர் எதிரே நின்றது. முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். எதிரே ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரம். அப்போதும் நபி (ஸல்) அவர்கள் அவ்விருவரையும் போருக்கு அழைத்துக்கொள்ளவில்லை. கொடுத்த வாக்கைக் காக்கச் சொல்லிவிட்டார்கள். நிர்ப்பந்தத்தில், எதிரிக்குக் கொடுத்த வாக்கிற்கே இந்த மதிப்பு. நாமாக விரும்பி, கட்டணம் செலுத்தி, வரிசையில் நின்று கொடுத்த வாக்கிற்கு?

"இது மனிதர்கள் போட்ட சட்டம்தானே" என்பார்கள். வாக்கைக் கொடுத்தவர் நாம் என்பதே இங்கு விஷயம். ஹராமானதைச் செய் என்றோ, ஃபர்ளானதை விடு என்றோ ஒரு சட்டம் சொன்னால் அது வேறு. இருபது மணி நேரத்திற்கு மேல் உழைக்காதே என்பது அந்த வகையைச் சேர்ந்ததன்று. "நம்மை இருநூறு ஆண்டுகள் சுரண்டியவர்கள்தானே" என்பாரும் உண்டு. வரலாற்று அநீதி உண்மை. அதற்கு ஈடாகப் பொய் சொல்லும் உரிமையை மார்க்கம் யாருக்கும் தரவில்லை. "எல்லோரும் செய்கிறார்கள்" என்பதற்குப் பதிலே தேவையில்லை. மறுமையில் ஒவ்வொருவரும் தனித்தனியாகவே நிற்கப் போகிறோம்.

அப்படியானால் அந்த மாணவரின் பணம்? செய்த வேலை ஆகுமானது, உழைப்பும் உண்மை என்றால் கூலி ஹராமாகிவிடாது, வாக்கை முறித்த பாவம் தனியே நிற்கும் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. தீர்ப்பை முஃப்திகளிடம் விடுகிறேன். ஆனால் பாவத்தைத் தாண்டித்தான் கைக்கு வரும் என்றிருக்கும் பணத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

கணக்கு எங்கே தவறுகிறது?

இனி, பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாத இடத்திற்கு வருகிறேன்.

2025 ஏப்ரலில் பிரிட்டனில் 21 வயதுக்கு மேற்பட்டவருக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆயிற்று. வாரம் 20 மணி நேரத்திற்கு 244 பவுண்டு. மாதத்திற்கு ஏறத்தாழ 1,058 பவுண்டு. அதே ஆண்டின் தொடக்கத்தில், லண்டனில் படிக்க வருபவர் மாதம் 1,483 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்திற்குரிய வாழ்க்கைச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு விதித்தது. லண்டனுக்கு வெளியே 1,136 பவுண்டு. அந்தத் தொகை பின்னரும் உயர்ந்திருக்கிறது. ஒரு வாரமும் தவறாமல், சட்டப்படி முழு இருபது மணி நேரமும் உழைத்தாலும் தன் ஒரு வயிற்றுக்கும் ஓர் அறைக்கும் அந்தக் கூலி போதாது என்பதை அந்த அரசின் கணக்கே ஒப்புக்கொள்கிறது. படிப்புக் கட்டணம் இதில் சேராது. ஊரில் கட்ட வேண்டிய கடன் தவணை இதில் சேராது. தங்கையின் கல்யாணமும் சேராது.

அந்த விதியின் உள்ளே இருக்கும் எண்ணம் தெளிவு: செலவுக்குப் பணத்தோடு வா, பகுதிநேர வேலை கைச்செலவுக்கு மட்டும். நம் வீடுகளில் போடப்படும் கணக்கோ நேர்மாறானது: "போய்ச் சேர்ந்தால் போதும், அங்கே வேலை பார்த்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாம்." முகவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். நாமும் நம்ப விரும்புவதால் நம்புகிறோம்.

பணம் காட்டும் விதத்தைப் பாருங்கள். தேவையான தொகை தொடர்ந்து 28 நாள்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. நம்மில் சிலர் என்ன செய்கிறார்கள்? உறவினரிடமோ முகவரிடமோ வாங்கி 28 நாள் போட்டு வைத்து, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிய பிறகு, அந்தப் பிள்ளை இருபது மணி நேரத்தில் எப்படி வாழும்? நாற்பது மணி நேர வேலையை இங்கிலாந்தில் ஒரு கடைக்காரர் தொடங்கி வைத்தார் என்று எண்ணுகிறோம். அது நம் வீட்டுக் கூடத்தில், விமானச் சீட்டு வாங்கும் முன்னரே தொடங்கிவிட்டது.

வட்டிக்கு அஞ்சி வங்கிக் கல்விக் கடனைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். ஆனால் வட்டியை விட்டு விலகிய அதே பேணுதல், பொய்க் கணக்கு காட்டுவதிலும் இருக்க வேண்டாமா?

முதலாளிகளுக்கும் ஒரு சொல்

கணக்கில் வராத மணி நேரங்களுக்குக் கையில் பணம் தருபவர்களில் நம் சகோதரர்களும் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். மாணவர் வெளியே சொல்ல முடியாது என்பதை அறிந்து, குறைந்தபட்சக் கூலியிலும் குறைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. "நான் உதவிதானே செய்கிறேன்" என்பது அவர்களின் ஆறுதல். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத், முறையிட வழியற்றவனின் கூலியில் கை வைப்பது உதவியாகாது. உலகச் சட்டமும் விடாது: 2024 பிப்ரவரி முதல், அனுமதியின்றி ஒருவரை வேலைக்கு வைத்தால் முதல் முறைக்கே ஆளொன்றுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம்.

நாம் என்ன செய்யலாம்?

உண்மையான நெருக்கடியில் சிக்கிய பிள்ளைகள் உண்டு. வாப்பா மௌத்தாகி வருமானம் நின்றுபோன பிள்ளை, நோயுற்ற பிள்ளை. அவர்கள் இருளில் கூடுதல் வேலையைத் தேடுமுன் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்தை அணுகட்டும். கட்டணத் தவணையை மாற்றித் தரவும், இடர்க்கால உதவி தரவும் பல இடங்களில் ஏற்பாடு உண்டு. அங்குள்ள பள்ளிவாசலையும் அணுகட்டும். கேட்பதில் வெட்கம் உண்டுதான்; ஆனால் ஒளிந்து வாழ்வதைவிட அது இலேசானது.

இங்கே மஹல்லா ஜமாஅத்துகள் இதைத் தம் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். பைத்துல் மாலிலிருந்தோ வசதியுள்ள செல்வர்களிடமிருந்தோ வட்டியில்லா அழகிய கடன் தருவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்குத்தான் முடியும் என்றால் இரண்டு பேருக்கே செய்வோம். எஞ்சியவர்களுக்கு உள்நாட்டிலேயே நல்ல படிப்பைக் காட்டுவோம். வெளிநாட்டுப் பட்டம் ஃபர்ளு அன்று. வாக்கைக் காப்பது கடமை.

பெற்றோரே, பிள்ளையை வழியனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பிள்ளை ஒரு மணி நேரமும் வேலை பார்க்காவிட்டால் படிப்பை முடிக்க நம்மால் முடியுமா? முடியாதென்றால், நாம் அனுப்புவது மாணவனையா, மாணவன் என்ற பெயரில் ஒரு கூலியாளையா? இரவு முழுதும் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் வகுப்பில் உறங்கும் பிள்ளைக்கு ஃபஜ்ரும் போய்விடுகிறது, படிப்பும் போய்விடுகிறது.

அந்த மாணவர் ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் துஆ செய்து அனுப்பி வைத்தவன் நான்தான். "கட்டணத்திற்கு என்ன ஏற்பாடு?" என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பெருநாள் கழித்து அவருடைய வாப்பாவைச் சந்தித்தேன். மகன் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறான் என்பதே அவருக்குத் தெரியாது. பணம் வந்துகொண்டிருந்தது; அவர் கேட்கவில்லை. நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "இனி எனக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், ஹஜ்ரத். கடனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கடன்காரர்கள் இருவரிடம் அவகாசம் கேட்க நானும் உடன் சென்றேன். ஒருவர் தந்தார். மற்றவர் இன்னும் தரவில்லை.

மாணவர் இப்போது இருபது மணி நேரமே வேலை பார்க்கிறார். ஓர் அறையில் நால்வராகத் தங்கியிருக்கிறார். சிரமம்தான் என்கிறார், ஆனால் தூக்கம் வருகிறது என்கிறார்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் ரிஜ்கிலும் பரக்கத் செய்வானாக. கொடுத்த வாக்கைக் காப்பவர்களாக நம்மையும் அவர்களையும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.