பாலத்தின் மேலே இருந்தவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

ஆற்றுப் பாலம் ஒன்றின் வளைவுக்குக் கீழே, தண்ணீரைத் தொட்டுவிடுவதுபோல் ஒரு போர் விமானம் பாய்ந்து போகும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது சுற்றி வரும். பலரும் பார்த்திருப்பீர்கள். 'இவனல்லவா வீரன்' என்று கீழே ஒரு வரியும் இருக்கும். பார்த்தவுடன் கைதட்டும் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். நான் அங்கேயே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

அந்தப் பாலம் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் ஓப் ஆற்றின் மேல் இருக்கிறது. 1965 ஜூன் மாதம் வாலன்டின் பிரிவாலோவ் என்ற விமானி மிக்-17 ரக ஜெட் விமானத்தை அதன் கீழே ஓட்டிச் சென்றார். கோடைக்காலம் என்பதால் கரையில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆனால் சுற்றி வரும் அந்தப் படம் அன்று எடுத்ததல்ல. பாலத்தின் படத்தையும் விமானத்தின் படத்தையும் பின்னால் ஒன்றாக ஒட்டிச் செய்தது. ஆக, ஒரு நிஜச் சாகசத்தை நாம் போலிப் படத்தின் வழியாகப் பார்த்து மெய்சிலிர்க்கிறோம்.

இந்தக் கதைக்கு இன்னொரு முன்கதை உண்டு. சோவியத் நாட்டின் புகழ்பெற்ற விமானி வலேரி சக்காலோவ். 1937-ல் மாஸ்கோவிலிருந்து புறப்பட்டு, வட துருவத்தின் மேலாக எங்கும் இறங்காமல் அமெரிக்கா வரை பறந்தவர். அவர் இளவயதில் லெனின்கிராட் நகரில் நேவா ஆற்றுப் பாலத்தின் கீழே பறந்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு நம்பகமான ஆவணம் இல்லை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். 1938 டிசம்பரில் ஒரு புதிய விமானத்தைச் சோதித்தபோது அவர் இறந்துபோனார். அவர் வாழ்க்கையைச் சொல்லும், 1941-ல் வெளிவந்த திரைப்படத்தை எடுத்தபோது அந்தக் காட்சி வேண்டும் என்றார்கள். அதற்காக எவ்கெனி பொரிசென்கோ என்ற விமானி நிஜமாகவே அந்தப் பாலத்தின் கீழ் பறந்தார். நடந்ததா என்றே தெரியாத ஒன்று திரையில் வந்ததும் வரலாறாகிவிட்டது. அந்தத் திரைப்படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, பாலத்தின் கீழே பறப்பவனே விமானி என்ற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது.

நிஜம் எது, காட்சி எது என்ற குழப்பம் இன்றைய கைப்பேசியோடு வந்ததல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். காட்சி ஆசையை உண்டாக்குகிறது, ஆசை அடுத்த சாகசத்தை உண்டாக்குகிறது. நடுவில் ஒரு கேள்வி மட்டும் காணாமல் போகிறது. பாலத்தின் மேலே யார் இருந்தார்கள்?

லண்டன் டவர் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோபுரங்கள், கீழே சாலை, மேலே நடைபாதை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் 1912-லேயே பிராங்க் மெக்லீன் என்பவர் ஒரு மிதவை விமானத்தை ஓட்டிச் சென்றார். ஆனால் பலரும் நினைவில் வைத்திருப்பது 1968 ஏப்ரல் 5-ஆம் தேதியை. பிரிட்டிஷ் விமானப்படைக்கு அந்த மாதம் 50 வயது. அதை வானில் அணிவகுத்துக் கொண்டாடாமல் அரசு விட்டுவிட்டதே என்று ஆலன் பொல்லாக் என்ற படை அதிகாரிக்குக் கோபம். தன் ஹண்டர் ஜெட் விமானத்தில் நாடாளுமன்றத்தைச் சுற்றி வந்து, தேம்ஸ் நதியை ஒட்டிப் பறந்து, டவர் பாலத்தின் அந்த இடைவெளிக்குள் புகுந்து வெளியேறினார். தரையிறங்கியதும் கைது செய்தார்கள். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தாமல், உடல்நலக் காரணம் சொல்லிப் படையிலிருந்து விடுவித்தார்கள்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். போரில் உயிர்விட்டவர்களை நாடு மறந்துவிடக் கூடாது என்ற வேதனை உண்மையானது. தன் வேலையையே பணயம் வைத்தார், அதுவும் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் பாலத்தின் மேல் ஒரு இரட்டை அடுக்குப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் யாரும் அந்தப் போராட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. தன் உயிரைப் பணயம் வைப்பது ஒருவனின் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். பேருந்தில் இருப்பவர் உயிரை வைக்க யார் உரிமை கொடுத்தது?

கணக்கு வாத்தியாராகவும் இருந்திருக்கிறேன், அதனால் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 600 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்குச் சுமார் 167 மீட்டர். டவர் பாலத்தின் கோபுரங்களுக்கு இடையே உள்ள அகலம் 61 மீட்டர். ஒரு பறவை குறுக்கே வந்தாலோ, திடீர்க் காற்று ஒரு இறக்கையைத் தூக்கினாலோ, கண் பார்த்து மூளை புரிந்து கை அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அங்கே திறமைக்கு வேலையே இல்லை, அதிர்ஷ்டத்துக்குத்தான் வேலை. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, மனிதரிடமிருந்தும் வாகனத்திடமிருந்தும் கட்டுமானத்திடமிருந்தும் குறைந்தது 500 அடி விலகிப் பறக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். அந்த 500 அடி என்பது தவறு நடந்தால் அதைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம். கோழைகளுக்காகப் போட்ட கோடு அல்ல.

அதிர்ஷ்டம் கைவிட்டால் என்ன ஆகும்? 1998 பிப்ரவரி 3. இத்தாலியில் கவலேசே என்ற மலையூர். அமெரிக்க ராணுவ ஜெட் ஒன்று பயிற்சிக்காகப் பள்ளத்தாக்கு வழியே பறந்தது. 2000 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது உத்தரவு. விமானம் இருந்ததோ 400 அடிக்கும் கீழே. இறக்கை பட்டு, மலைக்குப் போகும் கம்பிவடம் அறுந்தது. அதில் தொங்கி வந்த பெட்டி கீழே விழுந்து 20 பேர் இறந்தார்கள். பனிச்சறுக்கு விளையாட வந்த பல நாட்டுக்காரர்கள் அவர்கள். விமானத்தில் இருந்த நால்வரும் பத்திரமாகத் தளத்துக்குத் திரும்பினார்கள். பயணத்தின்போது விமானத்துக்குள் எடுத்த வீடியோ நாடாவை அழித்தார்கள் என்பது பின்னால் தெரியவந்து, விமானியும் வழிகாட்டியும் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மரணங்களுக்கான குற்றச்சாட்டில் விமானிக்கு விடுதலை.

இது பாலத்தின் கீழ் பறந்த சாகசம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாடம் ஒன்றுதான். தாழப் பறந்தவர் உயிரோடு திரும்பினார், அண்ணாந்துகூடப் பார்க்காதவர்கள் இறந்தார்கள். இவர்கள் யாருடைய படமும் குழுக்களில் சுற்றி வருவதில்லை.

'அப்படிப் பார்த்தால் விமானக் கலை வளர்ந்தே இருக்காதே சார்' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சோதனை விமானி ஒருவர் புதிய இயந்திரத்தில் ஏறும்போது, அவர் எடுக்கும் ஆபத்தால் பின்னால் வரும் ஆயிரம் பேருக்கு ஆபத்து குறைகிறது. சக்காலோவ் இறந்தது அப்படி ஒரு வேலையில். பாலத்தின் கீழே பறப்பதால் யாருக்கு எது குறைந்தது? 1959-ல் அமெரிக்க விமானப்படையின் ஜான் லாப்போ ஆறு என்ஜின் கொண்ட ஜெட் விமானத்தை மிச்சிகனின் மாக்கினாக் பாலத்தின் கீழே ஓட்டினார். அதன்பின் அவரைப் பறக்கவே விடவில்லை. நல்ல விமானி ஒருவரை நாடு இழந்ததுதான் அதில் கிடைத்த லாபம்.

சாகசமே கூடாது என்பது என் கட்சி அல்ல. ஹங்கேரி விமானி பீட்டர் பெசன்யெய் 2001-ல் புடாபெஸ்ட் சங்கிலிப் பாலத்தின் கீழே தலைகீழாகப் பறந்தவர். பிறகு அதே டான்யூப் நதியில் விமானப் பந்தயங்கள் அனுமதியோடு, நாள் குறித்து, ஒத்திகை பார்த்து நடந்தன. 2021 செப்டம்பரில் இத்தாலிய விமானி டாரியோ கோஸ்டா இஸ்தான்புல் அருகே இரண்டு நெடுஞ்சாலைச் சுரங்கங்களுக்குள் சிறு விமானத்தை ஓட்டிச் சென்றார். மொத்தம் 43 விநாடிகளும் கொஞ்சமும்தான். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் தயாரிப்பு. சுரங்கத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டுத்தான் பறந்தார். ஆபத்து முழுவதையும் தன் தோளில் மட்டும் ஏற்றிக்கொண்டவரை நான் எழுந்து நின்று பாராட்டுவேன். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவாளிகளின் வேலை என்று வள்ளுவர் எப்போதோ சொல்லிவிட்டார். போக்குவரத்தை நிறுத்தச் சொன்னாரே, அந்த அச்சம்தான் அவருடைய வீரத்தில் பாதி.

இனி கணினிக்கு வருகிறேன். என் அக்காவின் பேரன் கல்லூரியில் படிக்கிறான். ஜி.டி.ஏ. விளையாட்டில் பாலங்களுக்குக் கீழே பறப்பது ஒரு சவால். "மொத்தம் அம்பது பாலம் தாத்தா, முப்பத்தெட்டு முடிச்சிட்டேன்" என்றான். 'இதெல்லாம் உருப்படாத வேலை' என்று அவன் பாட்டி திட்டினாள். நான் திட்டவில்லை. மோதினால் திரை இருண்டு மறுபடி தொடங்கும். யாருக்கும் நட்டமில்லை. இந்த ஆசைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. உண்மையான விமானிகளும் என்ஜின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதைப் பாவனைக் கருவியில் உட்கார்ந்துதான் பழகுகிறார்கள்.

ஆனால் திரையால் தர முடியாத ஒன்று இருக்கிறது. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு என்ஜின்களும் செயலிழந்த விமானத்தை, கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினாரே, நினைவிருக்கும். இறங்கும் வழியில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் குறுக்கே இருந்தது. அதன் மேலாகக் கடந்துதான் ஆற்றுக்கு வந்தார். பிறகு விசாரணையில் பாவனைக் கருவியில் ஓட்டிப் பார்த்தார்கள். பறவை மோதிய அதே நொடியில் திரும்பினால் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர முடியும் என்று சில முயற்சிகள் காட்டின. மனிதன் நிலைமையைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க 35 விநாடி சேர்த்து ஓட்டியபோது, போய்ச் சேர முடியவில்லை. திகைப்பு என்ற அந்த 35 விநாடியைக் கருவி தானாகக் கணக்கில் சேர்க்காது. விளையாட்டில் 50 பாலம் முடித்தவனுக்கும் அந்தக் கணக்கு தெரியாது.

ஆகவே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் என் யோசனை இது. விளையாட்டைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பாலத்து மேல ஒரு பஸ் போகுதே, அதுல யார் யார் இருப்பாங்க?" என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டேன். சிரித்தான். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அது போதும். நாளைக்கு அவன் பைக்கில் போகும்போதும் அந்தக் கேள்வி வேலை செய்யும்.

எலினார் ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண்மணியைச் சொல்லி முடிக்கிறேன். 1928 அக்டோபரில், 17 வயதில், ஒரு பந்தயப் பேச்சுக்காக நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் நான்கு பாலங்களுக்குக் கீழே ஒரே ஓட்டத்தில் பறந்தவர். வழியில் கப்பல் இருந்ததால் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துத் தப்பினார். அது நல்வாய்ப்பு, முன்மாதிரி அல்ல. அதன் பிறகு உயரத்திலும் நெடுநேரப் பறத்தலிலும் சாதனைகள் செய்து பெரிய விமானி ஆனார். 2000-ஆம் ஆண்டில், 88 வயதில், நாசாவின் பாவனைக் கருவியில் அமர்ந்து விண்வெளி ஓடத்தைத் தரையிறக்கிக் காட்டினார்.

17 வயதில் பாலத்தின் கீழே பறந்ததைவிட, 88 வயதில் கற்றுக்கொள்ள உட்கார்ந்ததே எனக்குப் பெரிய சாகசமாகத் தெரிகிறது. அடுத்த முறை அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் உங்கள் குழுவுக்கு வந்தால், கைதட்டும் முன் பாலத்தின் மேலே ஒரு முறை பாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், பேசுவோம்.