திறமையா, அதிர்ஷ்டமா என்பதல்ல கேள்வி

மக்களவையில் 2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி அறிமுகமான இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதா, அன்றைய தினமே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சியினர் எழுப்பிய முழக்கங்களுக்கு இடையே, மசோதா முறையாக விவாதிக்கப்படவே இல்லை. நிலைக்குழுவின் ஆய்வுக்கும் அது அனுப்பப்படவில்லை. மறுநாள், மழைக்காலக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், மாநிலங்களவையும் அதை ஏற்றது. அதற்கும் மறுநாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. பல ஆண்டுகளாக நீதிமன்றங்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு விஷயத்துக்கு மூன்றே நாள்களில் முடிவு கட்டப்பட்டது.

பணம் கட்டி இணையவழியில் ஆடும் ஆட்டம் திறமை சார்ந்ததாயினும், அதிர்ஷ்டம் சார்ந்ததாயினும், இரண்டும் கலந்ததாயினும் கூடாது என்பதே இச்சட்டத்தின் சாரம். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, ரூ.50 லட்சம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆண்டுதோறும் சுமார் 45 கோடிப் பேர் ஏறத்தாழ ரூ.20,000 கோடியை இழக்கின்றனர் என்பது அரசுத் தரப்பு கூறிய காரணம். குடும்பங்கள் நிர்க்கதியானதையும் இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதையும் கண்ட எவரும் இந்த நோக்கத்தைக் குறைகூற முடியாது.

ஆனால், கைப்பேசியில் அல்லாமல் மேஜையைச் சுற்றி அமர்ந்து, நேருக்கு நேர் ஆடப்படும் போக்கர் போட்டிகள் என்னவாகின்றன? அவற்றை இச்சட்டம் தொடவில்லை. தொடவும் முடியாது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34-ஆவது இனம் பந்தயமும் சூதாட்டமும். எனவே மேஜை மீது விரியும் சீட்டுக்கட்டு மாநிலங்களின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை மாநிலங்கள் எப்படி நிறைவேற்றுகின்றன என்பதே இக்கட்டுரையின் கவலை.

ஒரே ஆட்டம், பல சட்டங்கள்

ஆங்கிலேயர் 1867-இல் இயற்றிய பொதுச் சூதாட்டச் சட்டம், 'வெறும் திறமை' சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்களித்தது. அந்த இரண்டு சொற்களின் மீதுதான் நம் சூதாட்டச் சட்டங்கள் பலவும் இன்றும் நிற்கின்றன. 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில், கணிசமான அளவு திறமை தேவைப்படும் போட்டி சூதாட்டமாகாது என்றது உச்ச நீதிமன்றம். 1967-இல் ரம்மியைத் திறமை ஆட்டம் என ஏற்றது. அதே தீர்ப்பில், மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க முழுக்க அதிர்ஷ்டமே என்றும் குறிப்பிட்டது. 1996-இல் தமிழகத்திலிருந்து சென்ற வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமைப் பட்டியலில் சேர்ந்தது.

போக்கர் விஷயத்தில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை. மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம், போக்கர் சூதாட்டம் அல்ல என்று பெயர் சொல்லியே விலக்களிக்கிறது. நாகாலாந்து சட்டமும் அதைத் திறமை ஆட்டமாகவே பட்டியலிட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல் போக்கருக்கு ஆதரவாகவும், குஜராத் உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் எதிராகவும் தீர்ப்பளித்தன. தமிழக அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அந்தப் பகுதியை ரத்து செய்தது. வெறும் ஊகத்தின் பேரில் அனுமதி மறுக்கக் கூடாது என்று அலாகாபாத் உயர் நீதிமன்றம் 2024-இல் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. கொல்கத்தாவில் குற்றமற்ற ஆட்டம், ஆமதாபாதில் குற்றம்!

குஜராத் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, 2018 ஜனவரியில், தத்தம் துறையில் முதலாவதாகத் தடம் பதித்த பெண்களைக் குடியரசுத் தலைவர் மாளிகையில் கௌரவித்தார் ராம்நாத் கோவிந்த். மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் தேர்ந்தெடுத்த அப்பட்டியலில் போக்கர் ஆட்டக்காரர் முஸ்கான் சேத்தியும் இருந்தார். ஒரு கை விருது தருகிறது. மறு கை விலங்கு காட்டுகிறது.

ஒரு கணக்காளரின் நோட்டுப் புத்தகம்

விருது பெற்றவர்களின் கதை வேறு. விருதுக்கோ விளம்பரத்துக்கோ ஆசைப்படாமல் பொழுதுபோக்காக ஆடும் சாமானியப் பெண்ணின் நிலை என்ன? மேற்கு தில்லியில் வசிக்கும், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணிபுரியும் பெண்மணி ஒருவர் தம் அனுபவத்தை என்னிடம் விரிவாகக் கூறினார். பெயரை வெளியிட அவர் விரும்பவில்லை. வயது நாற்பதை நெருங்குகிறது. பள்ளியில் படிக்கும் மகன் இருக்கிறான்.

அவருக்குச் சீட்டு அறிமுகமானது தீபாவளி இரவில். தில்லியில் தீபாவளிக்கு 'தீன் பத்தி' எனும் மூன்று சீட்டு ஆடாத வீடுகள் குறைவு. மாமியார், நாத்தனார், ஓரகத்தி என எல்லோரும் வட்டமாக அமர்ந்து பணம் வைத்து ஆடுவார்கள். சிவனும் பார்வதியும் தாயம் உருட்டிய நாள் என்று அதற்கொரு புராணக் காரணமும் சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் முழுக்க அதிர்ஷ்டம் என்று சொன்ன ஆட்டத்துக்குக் குடும்பத்தில் ஆசி உண்டு. ஆனால், கணக்குப் போட்டு ஆட வேண்டிய போக்கருக்கு அவர் போகிறார் என்று தெரிந்ததும் வீட்டில் பெரும் பிரளயம் என்று சிரிக்கிறார்.

இரண்டு ஆண்டுகளில் 31 உள்ளூர்ப் போட்டிகளில் அவர் ஆடியிருக்கிறார். நுழைவுக் கட்டணம் ரூ.2,000. சுமார் நாற்பது பேர் வருவார்கள். அவர்களில் பெண்கள் இரண்டு மூன்று பேர்தான். அனைவருக்கும் சம அளவில் டோக்கன்கள் தரப்படும். டோக்கன் தீர்ந்தால் வெளியேற வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயப் பந்தயத் தொகை உயரும் என்பதால், நல்ல சீட்டுக்காகக் கைகட்டிக் காத்திருக்கவும் முடியாது. கையில் இரண்டு சீட்டு, மேஜையில் பொதுவாக ஐந்து சீட்டு. கையில் ஜோடி விழுவது பதினேழு முறைக்கு ஒருமுறை. ஒரே இனத்தில் நான்கு சேர்ந்து ஐந்தாவதுக்காகக் காத்திருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டுகளில் 9 மட்டுமே கைகொடுக்கும். இந்தக் கணக்கு தெரியாதவர் டோக்கன்களை இழப்பார். தெரிந்தவரும் சில நாள் இழப்பார்.

மேஜையில் அவரை 'பாபிஜி' என்பார்கள். கேட்காமலே ஆடக் கற்றுக்கொடுப்பார்கள். பெண் துணிந்து பந்தயத்தை உயர்த்தினால் கையில் நிச்சயம் பெரிய சீட்டு இருக்கும் என்று முடிவு செய்து ஆண்கள் விலகிவிடுவார்கள். அந்த எண்ணத்தையே மூலதனமாக்கி, ஒன்றுமில்லாத சீட்டுடன் பலமுறை மேஜையில் இருந்ததை அள்ளியதாகக் கூறுகிறார். ஆண் வென்றால் சாமர்த்தியம், பெண் வென்றால் அதிர்ஷ்டம் என்பது அங்கும் எழுதாத விதி. அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் பேச முடியாததை அந்த மேஜையில் பேசாமலே சொல்ல முடிகிறது என்பது அவர் தரும் விளக்கம்.

வரவு செலவை அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். கட்டியது ரூ.62,000. நான்கு போட்டிகளில் பரிசாகப் பெற்றது ரூ.47,000. நிகர இழப்பு ரூ.15,000. ஆனால், பரிசுத் தொகைக்கு 30 சதவீத வருமான வரி. தோற்ற கட்டணத்தை அதில் கழிக்க இயலாது. அதையும் சேர்த்தால் இழப்பு ரூ.29,000-ஐத் தாண்டுகிறது. இணையவழி ஆட்டத்துக்கு 2023-இல் கொண்டுவரப்பட்ட விதி, கட்டிய பணத்தைக் கழித்து நிகர வெற்றிக்கே வரி விதித்தது. கைப்பேசிக்குக் காட்டிய இந்த நியாயம் மேஜைக்குக் கிடைக்கவில்லை.

மறைவிடமே ஆபத்து

பணத்தைவிடப் பெரிய சிக்கல் இடம்தான். சட்டம் தெளிவாக இல்லாததால் அமைப்பாளர்கள் முகவரியை அறிவிப்பதில்லை. போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு வாட்ஸ்ஆப்பில் தகவல் வரும். ஒரு வாரம் அடுக்குமாடிக் குடியிருப்பு, மறுவாரம் நகருக்கு வெளியே பண்ணை வீடு. முடிவதற்கு நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணி ஆகும். ஒருமுறை பரிசுப் பணத்தைத் தராமல் இழுத்தடித்த அமைப்பாளர் மீது அவரால் புகார் கொடுக்க முடியவில்லை. காவல் நிலையத்தில் யார் குற்றவாளி ஆவார் என்று தெரியாதே! இன்னொரு முறை மது அருந்திய ஆட்டக்காரர் ஒருவர் வாகனம் வரை பின்தொடர்ந்தார். அதன் பிறகு அவர் பண்ணை வீட்டுப் போட்டிகளுக்குச் செல்வதில்லை. மங்கலான சட்டம் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஆட்டத்திலிருந்து பெண்ணைத்தான் நிறுத்தியிருக்கிறது.

உலகின் மிகப் பெரிய போக்கர் தொடரின் பிரதான போட்டியில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பெண்கள் இல்லை. 1995-க்குப் பிறகு அப்போட்டியின் இறுதி மேஜையில் ஒரு பெண் அமர 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் தெளிவாக உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், இங்கே சொல்ல வேண்டியதில்லை. அதே தொடரின் அணிப் போட்டி ஒன்றில் 2018-இல் பட்டம் வென்ற நிகிதா லூத்தர் போன்றோர் விதிவிலக்குகள்.

'சூதுக்கு வக்காலத்தா?' என்று கேட்கலாம். வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கண்டித்த தீமை அது. பாஞ்சாலியைப் பணயமாக வைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நாம் அதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்பெண்மணி நாளை கடனாளியாக மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால், அந்த உத்தரவாதத்தைத் தர வேண்டியது சட்டம். அதற்குச் சட்டம் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும்.

திறமையா, அதிர்ஷ்டமா என்பது தவறான கேள்வி. 31 போட்டிகளில் ஆடியவரால் தாம் திறமைசாலியா, அதிர்ஷ்டக்காரரா என்று அறியவே முடியாது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகே திறமை வெளிப்படும். ஆனால், நாற்பது பேரிடம் ரூ.80,000 வசூலித்து ரூ.8,000 எடுத்துக்கொள்ளும் அமைப்பாளருக்கு எல்லா இரவும் லாபமே. ஒரே இரவில் ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு இழக்க முடியும், அந்த இழப்பில் யார் பிழைக்கிறார்கள் என்பவையே சட்டம் கேட்க வேண்டிய கேள்விகள். கட்டணம் ரூ.2,000 என்றால் இழப்பும் அத்தோடு முடிய வேண்டும். தோற்றவர் மீண்டும் பணம் கட்டி உள்ளே வரலாம் எனும் 'மறுநுழைவு' முறையில் அந்த வரம்பு காற்றில் பறக்கிறது. அத்தகைய போட்டிக்கு அவர் செல்வதில்லை. எல்லோருக்கும் அந்தக் கட்டுப்பாடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

செய்ய வேண்டியவை

சூதாட்டத்தை ஒழிக்க முடியாவிடில் ஒழுங்குபடுத்துங்கள் என்று சட்ட ஆணையம் 2018 ஜூலையில் அளித்த 276-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆதார் அல்லது பான் எண் இணைப்பு, பணத்துக்கு உச்சவரம்பு, வருவாய்க்கேற்ற பிரிவுகள் என வழிமுறைகளையும் கூறியது. அதைத் தூசு தட்டி எடுக்க வேண்டும்.

மேஜைப் போட்டிகளுக்கு மாநிலங்கள் உரிமம் வழங்கலாம். நுழைவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு, மறுநுழைவுக்கும் கடனுக்கும் மதுவுக்கும் தடை, இரவு பத்து மணிக்குள் முடிவு, அறிவிக்கப்பட்ட முகவரி, நடத்துபவரின் பங்குக்கு வரம்பு - இவை போதும். நுழைவுக் கட்டணத்தைக் கழித்துவிட்டு வரி விதிக்க மத்திய அரசு முன்வரலாம். விரும்பாத மாநிலம் முற்றாகத் தடை செய்யட்டும். அதைத் தெளிவாகச் செய்யட்டும். கேசினோ வருவாயை விடாத கோவாவே, 2020 பிப்ரவரி முதல் தன் மாநிலத்தவர் கேசினோவுக்குள் ஆடச் செல்வதைத் தடுத்தது. சரியோ தவறோ, அது ஒரு முடிவு.

2025-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிரான வழக்குகளை அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. அங்கே என்ன தீர்ப்பு வந்தாலும், மேஜைக்கான சட்டத்தை எழுத வேண்டியவை சட்டப்பேரவைகளே. நாடாளுமன்றம் தவறவிட்ட விவாதத்தைப் பேரவைகளாவது நடத்த வேண்டும். நடத்தும்போது, நிறுவனங்களின் வழக்குரைஞர்களையும் காவல் துறையையும் மட்டும் கேட்காமல், நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி வைத்திருக்கும் ஆட்டக்காரர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும்.