கட்டணம் பகல் பயணிக்கு, இழப்பு உள்ளூர்வாசிக்கு: வெனிஸ் நகரின் வீட்டுச் சிக்கல்

இத்தாலியின் வெனிஸ் நகரில், சான் பார்த்தலோமியோ சதுக்கத்தில் உள்ள ஒரு மருந்துக் கடையின் முகப்பில் 2008-ஆம் ஆண்டு மின்னணுப் பலகை ஒன்று வைக்கப்பட்டது. பழைய நகரில் நிரந்தரமாக வசிப்போரின் எண்ணிக்கையை அது காட்டுகிறது. 1951-இல் சுமார் 1.75 லட்சமாக இருந்த இந்த எண்ணிக்கை, 2022 ஆகஸ்டில் 50 ஆயிரத்துக்கும் கீழ் சரிந்தது. அடுத்த ஆண்டே, சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகள் குடியிருப்போரின் எண்ணிக்கையை விஞ்சிவிட்டதாக உள்ளூர் குடிமக்கள் அமைப்புகள் கணக்கிட்டன.

யாருக்குக் கட்டணம்?

கூட்ட நெரிசலைக் குறைக்க, 2024 ஏப்ரல் 25 முதல் நகர நிர்வாகம் நுழைவுக் கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. அந்த ஆண்டு 29 நாட்களுக்கு மட்டும் தலா 5 யூரோ வசூலிக்கப்பட்டது. 2025-இல் நாட்கள் 54 ஆகவும், கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கான கட்டணம் 10 யூரோவாகவும் உயர்ந்தன.

எனினும், இக்கட்டணம் காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளுக்கே பொருந்தும். இரவு தங்குவோர் விடுதி வழியாகத் தனியே சுற்றுலா வரி செலுத்துவதால், அவர்களுக்கு விலக்கு உண்டு. சிக்கலின் மையம் இங்குதான் உள்ளது. பகல் பயணி பாலங்களிலும் சந்துகளிலும் நெரிசலை உண்டாக்குகிறார். ஆனால், யாருடைய வீட்டையும் எடுத்துக்கொள்வதில்லை. விடுமுறை வாடகைக்கு மாற்றப்படும் ஒவ்வொரு அடுக்குமாடி வீடும், உள்ளூர்க் குடும்பம் ஒன்று வாழ்ந்திருக்கக்கூடிய இடமாகும்.

உரிமையாளரின் கணக்கு

இத்தாலியில் நீண்டகால வாடகை ஒப்பந்தம் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கும், மேலும் நான்கு ஆண்டுகள் நீட்டிக்கும் வகையிலும் அமைகிறது. 30 நாட்களுக்கு மிகாத குறுகியகால வாடகைக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. வருவாயும் அதிகம், விரும்பும்போது வீட்டைத் திரும்பப் பெறவும் முடியும். மறுபுறம், நீரால் சூழப்பட்ட, பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்படும் நகரில் புதிய கட்டடங்களுக்கு இடமில்லை. எனவே, குறையும் வீடுகளை ஈடுசெய்ய வழியில்லை.

மக்கள் வெளியேற்றத்துக்கு வாடகை வீடுகள் மட்டுமே காரணமல்ல என்பதும் உண்மை. இணையவழி முன்பதிவு தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வேலைவாய்ப்பையும் வசதியான வீடுகளையும் தேடிப் பலர் மெஸ்த்ரே போன்ற நிலப்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1966-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதை விரைவுபடுத்தியது. ஆனால், அன்று காலியான வீடுகளுக்கு மீண்டும் குடும்பங்கள் வரும் வாய்ப்பு இருந்தது. இன்று அந்த வாய்ப்பையே சுற்றுலாச் சந்தை அடைத்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

குறுகியகால வாடகையை ஆண்டுக்கு 120 நாட்களுக்குள் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 2022-ஆம் ஆண்டு சட்டத்திருத்தம் வெனிஸ் நகருக்கு வழங்கியது. 2024 முதல், இரண்டாவது வீட்டின் குறுகியகால வாடகை வருவாய்க்கான வரி 21 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாக உயர்ந்தது. வாடகை வீடுகளுக்குத் தேசிய அடையாள எண்ணும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஸ்பெயினின் பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே சென்று, சுமார் 10 ஆயிரம் சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028-க்குப் பின் புதுப்பிக்கப் போவதில்லை என அறிவித்துள்ளது.

கடும் கட்டுப்பாடு வெனிஸுக்கு எளிதல்ல. வாடகை வருவாயை நம்பியிருப்போரில் உள்ளூர் வாக்காளர்களும் அடங்குவர். பாட்டி விட்டுச்சென்ற ஒரே வீட்டை வாடகைக்கு விடுபவரையும், பல வீடுகளை வாங்கிக் குவித்துள்ள நிறுவனத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமாகாது. வீடுகளின் எண்ணிக்கைக்கேற்ப விதிகளை வேறுபடுத்துவதும், உள்ளூர்வாசிகளுக்கு நீண்டகால வாடகைக்கு விடுவோருக்குச் சலுகை அளிப்பதும் நடைமுறைக்கு உகந்த வழிகளாகும்.

நுழைவுக் கட்டணம் எத்தனை லட்சம் யூரோ ஈட்டியது என்பது நகரின் வெற்றிக்கு அளவுகோலாகாது. மருந்துக் கடைப் பலகையில் உள்ள எண் குறைவது நிற்கிறதா என்பதே உண்மையான அளவுகோல்.