காயலில் நின்றது வாக்கு! மதுரையில் வீழ்ந்தது வாள்!



"நீங்கள் வாளோடு வந்தவர்கள்" என்று நம் பிள்ளைகளைப் பார்த்து ஒரு சாரார் சொல்கிறார்கள். "ஆம், உலகையே ஆண்டவர்கள் நாங்கள்!" என்று நம்மவர்களில் சிலர் மார்தட்டுகிறார்கள். இரு சாராரும் செய்யும் தவறு ஒன்றுதான். தமிழ் மண்ணில் நமது வரலாற்றை அரசர்களின் படைகளில் தேடுகிறார்கள். அது இருப்பதோ வணிகர்களின் கணக்கில்!

இதற்குச் சாட்சி சொல்பவர்கள் நம்மவர்கள் அல்லர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஈரானில் இருந்து எழுதிய பாரசீக வரலாற்று ஆசிரியர்கள்.

1258-ல் ஹுலாகுவின் மங்கோலியப் படை பக்தாதை அழித்தது. கலீஃபா கொல்லப்பட்டார். இனி முஸ்லிம் உலகம் எழாது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1295-ல் அந்த ஹுலாகுவின் வம்சத்து அரசர் கஸான் இஸ்லாத்தைத் தழுவினார். வென்றவனைத் தோற்றவனின் மார்க்கம் வென்றது! அந்த அரசில் இருந்தவர்கள்தாம் உலக வரலாறு எழுதிய அமைச்சர் ரஷீதுத்தீனும், ஷீராஸ் நகரத்து வரி அதிகாரி வஸ்ஸாஃபும். வஸ்ஸாஃப் தம் நூலை 1312-ல் சுல்தான் உல்ஜாய்தூவிடம் சமர்ப்பித்தார். அந்த நூலில் நம் பாண்டிய நாடு இருக்கிறது. 'மஅபர்' என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர்.

வஸ்ஸாஃப் என்ன சொல்கிறார்? பாரசீக வளைகுடாவில் கைஸ் என்றொரு தீவு. அதன் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம். அவர் தமது குதிரைகளில் 1,400-ஐ ஆண்டுதோறும் பாண்டியனுக்கு அனுப்ப ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார். கடலில் குதிரை இறந்தாலும் ஊனமுற்றாலும் அதன் விலையை அரசன் தன் கருவூலத்திலிருந்து தர வேண்டும். 1260-க்கு முன்பே, அத்தாபக் அபூபக்ர் ஆண்ட காலத்தில், வளைகுடாத் துறைகளிலிருந்து இப்பக்கம் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியானதாகவும் அவர் எழுதுகிறார்.

வியாபாரிகளே, சற்று எண்ணிப் பாருங்கள்! செத்த குதிரைக்கும் பணம் என்றால், பாண்டியனால் அதை எப்படிச் சரிபார்க்க முடியும்? நடுக்கடலில் அவனுக்கு யார் சாட்சி? சரக்கு ஏற்றியவரின் சொல் ஒன்றுதான்! அந்தச் சொல்லை நம்பித்தான் ஒரு பேரரசு கருவூலத்தைத் திறந்து வைத்தது.

நம்பிக்கை அதோடு நிற்கவில்லை. ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவே ஆனார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் விடப்பட்டன. அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பு மகனுக்கும் பேரனுக்கும் சென்றது. பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம், சிவன் கோயில்களுக்குத் தானம் தந்த அரசனின் அமைச்சர்! அரசனும் மதம் மாறச் சொல்லவில்லை, அமைச்சரும் சொல்லவில்லை.

இந்தக் குதிரை வாணிபத்தின் சுவடு தமிழில் இன்னும் அழியவில்லை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சர்தாம் மாணிக்கவாசகர் என்பது சைவர்களின் வரலாறு. அவர் சென்ற பெருந்துறை நம் பெருந்துறை அல்ல; புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். நம்மில் பலர் பெயரோடு வரும் இராவுத்தர் என்ற சொல் குதிரை வீரனைக் குறிப்பது. அருணகிரிநாதர் முருகனையே அச்சொல்லால் அழைத்துப் பாடினார். மளிகைக் கடையின் தராசும், நாம் எழுதித் தரும் ரசீதும், கட்டும் சந்தாவும், ஏன், பள்ளியில் ஒலிக்கும் 'பாங்கு' என்ற பெயரும்கூடப் பாரசீகச் சொற்களே.

பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது வரலாறு ஆகாது. குறையையும் கேளுங்கள். வறுத்த தானியத்தை நெய்யில் கலந்து கொடுத்து, காய்ச்சிய பாலைப் புகட்டி, பராமரிக்கத் தெரியாமல் குதிரைகளை இங்கே வீணாக்குகிறார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். அதே காலத்தில் வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ இன்னொன்றையும் சொல்கிறார்: குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் இந்நாட்டுக்கு வராதபடி அந்த வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை சாகச் சாக வியாபாரம்! இது உண்மையானால் இலாபமாக இருக்கலாம், ஹலாலான இலாபம் ஆகாது. பொருளின் குறையைச் சொல்லி விற்கக் கற்றுத்தந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இது அழகல்ல.

அடுத்து வாளின் கதைக்கு வருவோம். 1311-ல் டில்லியின் தளபதி மாலிக் காஃபூர் மதுரை வரை படை கொண்டு வந்தார். அந்தப் படையெடுப்பைப் புகழ்ந்து பாரசீக மொழியில் எழுதியவர் அமீர் குஸ்ரூ. அவரே ஓர் உண்மையைப் பதிவு செய்திருக்கிறார். வீரபாண்டியனின் பக்கம் முஸ்லிம்கள் இருந்தார்கள்! கலிமா சொல்லத் தெரிந்ததால் டில்லிப் படையினர் அவர்களை உயிரோடு விட்டனர். இது மதச் சண்டை என்றால், பாண்டியன் பாசறையில் கலிமா சொன்னவர்களுக்கு என்ன வேலை?

1335-ல் மதுரையில் தனி சுல்தானகம் எழுந்தது. அதன் சுல்தான்களில் ஒருவர் கியாதுத்தீன் தாமகானி. தாமகான் என்பது ஈரானில் உள்ள ஓர் ஊர். அவர் காலத்தில் இங்கு வந்த இப்னு பதூதா அவருக்குச் சகலை முறை. இருவரும் முதல் சுல்தானின் பெண்களை மணந்தவர்கள். ஹொய்சள மன்னன் வல்லாளன் முதிய வயதில் கியாதுத்தீனிடம் பிடிபட்டான். விடுதலை செய்வதாகச் சொல்லி அவனது செல்வம் முழுவதையும் வாங்கிக்கொண்ட பின், சுல்தான் அவனைக் கொன்றார். பெண்களையும் பிள்ளைகளையும் அவர் கொன்ற கொடுமையை இப்னு பதூதா கண்டு, அருவருத்து, எழுதி வைத்தார். சகலை என்று பார்க்கவில்லை. நம்மவர் என்று மூடி மறைக்கவும் இல்லை. இவருடைய சாவை அல்லாஹ் விரைவுபடுத்தியது இந்தக் கொடுமையால்தான் என்றே எழுதினார்.

அந்த சுல்தானகம் 1370-களில் விஜயநகரப் படையிடம் வீழ்ந்தது. அரை நூற்றாண்டுகூட நிற்கவில்லை! பழைய காயல் துறையும் மணலால் தூர்ந்துதான் போனது. ஆனால் துறை தூர்ந்த பிறகும் மக்கள் தூர்ந்துவிடவில்லை. காயல்பட்டினம் இன்றும் இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, வணிகம் இருக்கிறது. வாக்கை உடைத்த அரசு போனது. வாக்கைக் காத்த சமுதாயம் நின்றது.

இளைஞர்களே! உங்கள் முன்னோர்களைத் தேடும்போது தாமகானியைத் தேடிப் போகாதீர்கள். அவருடைய பாவத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு வக்காலத்து வாங்க வேண்டியதும் இல்லை. அநியாயத்தை அநியாயம் என்று முதலில் எழுதியவர் ஒரு முஸ்லிம்தான் என்பதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லுங்கள்.

வியாபாரிகளே! பெருந்துறையில் கொப்பரை ஏலம், ஈரோட்டில் மஞ்சள், திருப்பூரில் பனியன். கைஸ் தீவுக்காரர்கள் போலவே நாமும் முகம் தெரியாதவர்களின் நம்பிக்கையில்தான் பிழைக்கிறோம். காட்டிய மாதிரி ஒன்று, மூட்டைக்குள் இருப்பது வேறொன்று என்றால், கொடுத்த காசோலை திரும்பி வந்தால், கெடுவது கடையின் பெயர் மட்டுமல்ல. எழுநூறு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பெயர்! நம்மைப் பற்றிய அவதூறுக்கு மேடையில் நாங்கள் சொல்லும் பதில் பாதிதான். மீதிப் பதில் உங்கள் தராசில் இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வரலாறு நம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு சிறு நூலகம் வையுங்கள். மாதம் ஒருமுறை பிள்ளைகளை உட்கார வைத்து, தகீயுத்தீனின் கதையையும் தாமகானியின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டையும் கேட்ட பிள்ளை வெறியனாகவும் ஆகமாட்டான். தலைகுனிந்தும் நிற்கமாட்டான், இன்ஷா அல்லாஹ்!